அங்கோருக்கு ஒரு நாள் போதுமா? – வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பற்றி எழுதியதிலிருந்து கடிதங்களும் மெயில்களும் வந்தபடி இருக்கின்றன. எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், படித்ததுமே பதில் சொல்ல ஆசையாக இருந்த சிலவற்றையும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கே: குடும்பத்தோடு பாங்காக் போகிறோம். நடுவில் ஒரு நாள் கம்போடியா போய் அங்கோர்வாட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், ஒரு நாளே தாராளம் என்கிறார் டூர் ஏஜெண்ட். சரிதானே? (வாசகர், கோவை)

ப: சரியில்லை. பாங்காக்கில் இரண்டு நாளைக் குறைத்தாவது அங்கோருக்கு மூன்று நாள் கொடுங்கள். நான் முதல் முறை போனது இதே மாதிரி ஏஜெண்ட் போட்டுத் தந்த ஒரு நாள் திட்டத்தில்தான். விடியற்காலை நாலரைக்கு வேனில் ஏற்றி, இருட்டில் ஒரு குளக்கரையில் நிற்க வைத்து, சூரியன் வந்ததும் போட்டோ எடுக்கச் சொல்லி, அரை மணி நேரம் கோயிலுக்குள், அப்புறம் மதியத்துக்குள் இன்னும் இரண்டு கோயில், சாப்பாடு, ஏர்போர்ட். வீட்டுக்கு வந்து ஒரு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, பாற்கடல் கடையும் அந்த 49 மீட்டர் நீளச் சிற்பச் சுவருக்கு நாலு எட்டு தள்ளி நடந்து போயிருக்கிறேன், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் தாங்காமல் இரண்டு வருடம் கழித்து மறுபடி போனேன்.

அங்கோர் ஒரு கோயில் இல்லை, ஊர். நாம் 'நகரம்' என்று சொல்கிற அதே சமஸ்கிருதச் சொல்தான் கம்போடிய மக்களின் மொழியான கெமரில் நொகோர் ஆகி அங்கோர் என்று ஆயிற்று. 9-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரை கெமர் அரசர்களின் தலைநகர்ப் பகுதி. இன்று பாதுகாக்கப்படும் இடம் மட்டும் சுமார் 400 சதுர கிலோமீட்டர். அதில் ஒன்றுதான் அங்கோர்வாட், அந்த ஒன்றின் அகழியைச் சுற்றி நடந்து வரவே ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது.

நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. கணக்குப் போட்டுப் பாருங்கள், இன்னும் 25 டாலர் கொடுத்தால் இரண்டு நாள் கூடக் கிடைக்கிறது. மூன்று நாளும் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம், அதனால் நடுவில் ஒரு நாள் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். சீட்டில் உங்கள் போட்டோ இருக்கும், ஒவ்வொரு கோயில் வாசலிலும் பார்ப்பார்கள். 12 வயதுக்குக் கீழே இலவசம், ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 2 டாலர் அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது.

பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2025-ல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் சண்டை மூண்டு தரைவழி எல்லைகளை மூடினார்கள். புறப்படும் சமயத்தில் நிலவரம் என்ன என்று நிச்சயமாக விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். விமானத்தில் போனால், 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, அந்த ஒரு மணி நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: அங்கோர்வாட்டைக் கட்டியது சோழர்கள்தான், சூரியவர்மன் ஒரு தமிழ் மன்னன் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? (வாசகர், திருச்சி)

ப: இல்லை. இந்த ஒரு கேள்வி மட்டும் பதினோரு கடிதங்களில் வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கட்டியவர்கள் கெமர் மக்கள். கட்டச் சொன்னவர் கெமர் அரசர் இரண்டாம் சூரியவர்மன், 1113-ல் பட்டத்துக்கு வந்தவர். குலென் மலையில் மணற்கல் வெட்டி, வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து, அந்த ஊர் ஆட்களின் முதுகிலும் தோளிலும் எழுந்த கோயில் அது. தாமரை மொட்டு மாதிரி குவிந்து நிற்கும் அந்தக் கோபுரங்களைப் பார்த்தாலே தெரியும், தஞ்சாவூர் விமானத்தின் சாயல் அதில் கிடையாது. 'வர்மன்' என்ற பெயரைப் பார்த்துத் தமிழன் என்று முடிவு கட்டினால், வர்மன் என்று முடியும் பெயர் கொண்ட வியட்நாம் சம்பா அரசர்களையும், போர்னியோவில் கல்வெட்டு வைத்த மூலவர்மனையும் என்ன செய்வது? சமஸ்கிருதப் பட்டப்பெயர், தென்கிழக்கு ஆசியா முழுக்க அரசர்கள் விரும்பிச் சூட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

நமக்கும் அவர்களுக்கும் உண்மையான தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது, அது இந்தக் கட்டுக்கதையைவிட எனக்கு ரொம்பப் பிடித்தது. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது. ராஜேந்திர சோழனோடு நட்பு வேண்டி கம்போஜ அரசன் ஒரு தேர் அனுப்பியதாகக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. மூன்றாவது, நேரில் பார்த்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அங்கோர்வாட்டிலிருந்து வடகிழக்கே டுக்டுக்கில் ஒரு மணி நேரம் போனால் பந்தேய் ஸ்ரே என்ற சிவன் கோயில். 967-ல் பிரதிஷ்டை ஆனது, அரசன் கட்டியதுகூட இல்லை, யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர் கட்டியது. இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரத்தில் இழைத்தது போன்ற வேலை, நடுச் சன்னிதிகளின் வாசல் ஒரு மீட்டர் சொச்சம்தான் உயரம். அங்கே ஒரு கோபுர வாசலின் முகப்பில் சிவன் ஆடிக்கொண்டிருக்கிறார். அவர் காலடிக்கருகே ஓரத்தில் ஒட்டிய வயிறும் தொங்கிய மார்பும் விலா எலும்புமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஆய்வாளர்கள் அவளைக் காரைக்காலம்மையார் என்று அடையாளம் காண்கிறார்கள். திருவாலங்காட்டில் பாடிய பேயார் கெமர் தேசத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்? வணிகர் வாயிலாகவா, சிவாசாரியார் வாயிலாகவா, ஏதோ ஒரு சிற்பி காதில் அந்தக் கதை விழுந்து அவன் கை அதைச் செய்திருக்கிறது. இதைத் தேடிப் போய்ப் பாருங்கள். கெமர் மக்கள் கட்டியதை அவர்களுடையது என்றே சொல்லுங்கள், உங்கள் கைடு காதுபட வேறு மாதிரிச் சொல்லாதீர்கள். அங்கோர்வாட்டின் கோபுரம் அவர்கள் நாட்டுக் கொடியில் இருக்கிறது.

கே: ராமாயணம், மகாபாரதம் எல்லாம் சுவரில் செதுக்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கே ஆரம்பித்து எப்படிப் பார்க்க வேண்டும்? (வாசகி, கும்பகோணம்)

ப: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. நம் ஊர்ப் பழக்கத்தில் வலம் வரத் தொடங்கிவிடாதீர்கள், அங்கோர்வாட் மேற்குப் பார்த்த கோயில், சிற்பத் தொடர் அப்பிரதட்சணமாகத்தான் போகிறது. மேற்கு வாசலில் நுழைந்து கீழ்ச் சுற்றில் வலது கைப்பக்கம் திரும்புங்கள், குருட்சேத்திரம். இரண்டு பக்கத்திலிருந்தும் படைகள் நடுவை நோக்கி வருகின்றன, ஓரங்களில் வரிசை ஒழுங்காக இருக்கும், நடுவே போகப் போகக் கைகலப்பு. அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடக்கிறார்.

மூலை திரும்பினால் தெற்குச் சுவரில் சூரியவர்மனே படை நடத்திப் போகிறார். குடைகளை எண்ணிப் பாருங்கள், அரசருக்குப் பதினைந்து, தளபதிகளுக்கு அவரவர் தகுதிக்கேற்பக் குறைச்சல். தளபதிகளின் பெயர்கள் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் வெட்டியிருக்கின்றன. அடுத்தது சொர்க்கமும் நரகமும். எருமை மேல் எமன், கணக்கு பார்க்கிற சித்திரகுப்தன், கீழே 32 நரகங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு கெமர் ஆசிரியை, ஒவ்வொரு தண்டனையாகக் காட்டி இது எதற்கு, இது எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார். மொழி புரியாமலே நானும் அந்தக் கூட்டத்தோடு முழுச் சுவரையும் பார்த்தேன்.

அப்புறம் கிழக்குச் சுவரில் பாற்கடல். இடப்பக்கம் 92 அசுரர், வலப்பக்கம் 88 தேவர், நடுவில் ஆமை மேல் மத்து, விஷ்ணு. எல்லாரும் நடுவை மட்டும் படம் எடுத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் குனிந்து கீழ்ப்பட்டையில் கடலைப் பாருங்கள். ஓரத்தில் மீன்களும் முதலைகளும் நிம்மதியாக நீந்திக்கொண்டிருக்கும். மத்துக்குப் பக்கத்தில் வர வர உடல் இரண்டாக, மூன்றாக அறுந்து மிதக்கும். கடைகிற வேகம் அப்படி. கயிறு இழுப்பவர்களின் கைகளை வரிசையாக வெட்டிய சிற்பி, ஒரு மீனின் வால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்றும் யோசித்திருக்கிறான். அந்த இடத்தில் நான் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், காவலாளி வந்து உடம்பு சரியில்லையா என்று சைகையில் கேட்டார்.

தொடாதீர்கள். பல இடங்களில் தொட்டுத் தொட்டே கல் எண்ணெய் பூசினாற்போலக் கறுத்து மினுங்குகிறது. சீருடை போட்ட, உரிமம் பெற்ற கைடு ஒருவரை ஒரு நாளுக்கு மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் கைடு இல்லாமல் தனியாக அதே சுவருக்கு வாருங்கள். விடியற்காலைக் கூட்டம் காலைச் சாப்பாட்டுக்குக் கலைந்துபோன பிறகு சுற்றுகள் காலியாக இருக்கும். மேற்குப் பார்த்த கோயில் என்பதால் முகப்பில் வெயில் விழுவது பிற்பகலில்தான், மூன்று மணிக்கு மேல் கல் பொன்னாகும்.

கே: அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. பெருமாள் கோயில் என்பதால் தரிசனம் செய்ய ஆசைப்படுகிறார். முடியுமா? (வாசகி, சேலம்)

ப: தாராளமாகக் கூட்டிப் போங்கள். அங்கோர்வாட்டின் சிற்பச் சுற்று கீழ்த்தளத்திலேயே இருக்கிறது, நடக்க வேண்டும், ஏற்றம் அதிகமில்லை. மேலே நடுக்கோபுரம் இருக்கும் மூன்றாம் தளத்துக்குப் போகிற படி மட்டும் செங்குத்து, அதை அம்மா விட்டுவிடட்டும். மாதத்தில் நாலு நாள், பௌத்த விரத நாட்களில், அதை மூடியும் வைப்பார்கள். பந்தேய் ஸ்ரே முழுக்கச் சமதரை. சீக்கிரம் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, நடுவில் ஓய்வு, இப்படி வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால் வெயில் தாங்கும், ஏப்ரல் வேண்டவே வேண்டாம்.

தரிசனம் என்று கேட்டீர்கள். கருவறையில் இப்போது புத்தர். ஆனால் மேற்கு நுழைவு மண்டபத்தில் எட்டுக் கைகளோடு ஒரு பெரிய விஷ்ணு நிற்கிறார், தா ரீச் என்று உள்ளூரில் சொல்வார்கள், காவி உடுத்தி, காலடியில் தாமரையும் ஊதுபத்தியுமாக. புதுமணத் தம்பதிகள் வந்து கும்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவும் அங்கேயே ஊதுபத்தி வாங்கி ஏற்றிக் கும்பிடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கற்பூரம், தேங்காய் எடுத்துப் போக வேண்டாம், அவர்கள் வழிபடுகிற முறையிலேயே வழிபடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். புடவைக்கு அங்கே நல்ல மரியாதை.

கே: கோயில்கள் இத்தனை இருக்கின்றன, அரசர்கள் குடியிருந்த அரண்மனை எங்கே? (வாசகர், மதுரை)

ப: மண்ணோடு போய்விட்டது. கெமர் நாட்டில் கல் தெய்வத்துக்கு மட்டும். அரசரானாலும் மனிதர் என்றால் மரவீடுதான். அங்கோர் தோம் என்கிற, பக்கத்துக்கு மூன்று கிலோமீட்டர் மதில் சூழ்ந்த நகருக்குள் அரண்மனை வளாகம் இருந்த இடத்தை இன்றும் காட்டுவார்கள். மதிலும் குளங்களும், பிமியானகாஸ் என்ற சிறு கோயிலும் இருக்கின்றன. வெளியே, அரசர் உட்கார்ந்து அணிவகுப்பு பார்த்த யானை மேடை முந்நூறு மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. மர மாளிகைகளைக் கரையான் தின்றுவிட்டது.

ஆனால் பார்த்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 1296-ல் சீனத் தூதுக்குழுவோடு வந்து ஏறத்தாழ ஒரு வருடம் தங்கிய சௌ தாகுவான். சாதாரண மக்கள் கூரை வேய்ந்த வீட்டில்தான் இருக்க வேண்டும், ஓடு போடத் துணிய மாட்டார்கள் என்கிறார். வியாபாரம் முழுக்கப் பெண்கள் கையில், கடை என்று கட்டடம் இல்லை, தரையில் பாய் விரித்து விற்கிறார்கள் என்கிறார். சியெம் ரீப்பின் சந்தைக்குக் காலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள், மீன் விற்பவரும் கீரை விற்பவரும் பெரும்பாலும் பெண்களே. 2012-ல் ஹெலிகாப்டரிலிருந்து லேசர் கதிர் பாய்ச்சிக் காட்டுக்கு அடியில் அளந்தபோது, அங்கோர்வாட்டின் மதிலுக்குள்ளேயே கட்டம் கட்டமாகத் தெருக்களும் வீட்டு மேடுகளும் சின்னக் குளங்களும் தெரிந்தன. இப்போது நீங்கள் மரநிழலில் இளநீர் குடிக்கிற இடம் யாரோ ஒருவர் வீட்டு வாசல்.

கே: தா புரோம் கோயிலில் மரம் கட்டடத்தையே உடைத்துக்கொண்டு நிற்கிறது. வெட்டாமல் ஏன் விட்டிருக்கிறார்கள்? (மாணவர், புதுச்சேரி)

ப: வெட்டினால் சுவரும் விழும். வேர் முதலில் கல்லைப் பிளந்தது, இப்போது அதே வேர்தான் கல்லைப் பிடித்து வைத்திருக்கிறது. மரம் செத்தால் இரண்டும் சேர்ந்து சரியும். அதனால் மரத்தையும் தாங்கி, சுவரையும் தாங்கி, ஒவ்வொரு கல்லாக வேலை செய்ய வேண்டும். இந்த வேலையில் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலிருந்து நம் இந்தியத் தொல்லியல் துறை கம்போடியர்களோடு சேர்ந்து ஈடுபட்டிருக்கிறது.

இடிபாட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், தம்பி. 1186-ல் ஏழாம் ஜெயவர்மன் தன் தாய் நினைவாக எழுப்பிய பௌத்த மடம் இது. உள்ளே 12,640 பேர் வசித்தார்கள் என்று அதன் கல்வெட்டே சொல்கிறது. அரிசி, எண்ணெய், கொசுவலை வரை கணக்கு எழுதியிருக்கிறார்கள். அந்தச் சத்தத்தை நினைத்துக்கொண்டு அந்த முற்றத்தில் நில்லுங்கள்.

பக்கத்தில் பாபுவோன் கோயிலையும் பாருங்கள். திருப்பணிக்காகக் கல் கல்லாகப் பிரித்து எண் போட்டு வைத்திருந்தார்கள், சுமார் மூன்று லட்சம் கற்கள். 1970-களில் போர் வந்தது, எந்தக் கல் எங்கே என்று குறித்த காகிதங்கள் அழிந்தன. பிறகு அத்தனை கல்லையும் புதிர் மாதிரித் தேடிப் பொருத்தி 2011-ல்தான் முடித்தார்கள். அதே 1970-களில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் மக்களே லட்சக்கணக்கில் மாண்டார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட யாரிடமும் குடும்பத்தைப் பற்றித் துருவாதீர்கள், அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

கே: அங்கோர் பார்த்தாயிற்று. அடுத்து எங்கே? (வாசகர், சென்னை)

ப: வியட்நாமில் மீ சன். ஹோய் ஆன் பழைய நகரத்தில் தங்கினால் ஒரு மணி நேரப் பயணம். மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் சம்பா அரசர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள், செங்கல்லுக்கு நடுவே சாந்து இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிகப்பெரிய கோபுரம் நொறுங்கிப்போனது, குண்டு விழுந்த பள்ளங்கள் இன்றும் புல் முளைத்துக் கிடக்கின்றன. 2020-ல் அங்கே நம் தொல்லியல் துறையினர் வேலை செய்தபோது ஒரே கல்லில் செய்த சிவலிங்கம் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தது. முதலில் தா நாங் சாம் அருங்காட்சியகம், பிறகு மீ சன் என்று போனால் நன்றாகப் புரியும், ஏனென்றால் நல்ல சிற்பங்கள் பல அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. சாம் மக்கள் இன்னும் இருக்கிறார்கள், தெற்கே பான்ராங் பக்கத்துக் கோயில்களில் வருடாவருடம் காதே திருவிழா நடக்கிறது.

கே: பணம் எப்படி எடுத்துப் போவது? (வாசகர், ஈரோடு)

ப: அமெரிக்க டாலர், சின்ன நோட்டாக, கிழிசலோ மடிப்போ இல்லாமல். கொஞ்சம் கிழிந்திருந்தாலும் வாங்க மாட்டார்கள். ஒரு டாலருக்குக் குறைந்த சில்லறை ரியலில் தருவார்கள், சுமார் 4,000 ரியல் ஒரு டாலர். கோயில் வாசலில் குழந்தைகள் தபால் அட்டை விற்க வருவார்கள், மனசு இளகும், ஆனாலும் வாங்காதீர்கள். விற்பனை நடந்தால் அந்தப் பிள்ளை நாளைக்கும் பள்ளிக்கூடம் போகாது. பெரியவர்கள் கடையில் வாங்குங்கள்.

கே: என் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டாவது கோயிலிலேயே போரடிக்கிறது என்று சொல்லிவிடுவான். என்ன செய்யலாம்? (வாசகி, திருநெல்வேலி)

ப: பயோன் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். மேலே கோபுரங்களில் செதுக்கிய பெரிய முகங்களை அவனே பார்த்துக்கொள்வான். கீழே வெளிச்சுற்றில் அவன் கையில் ஒரு பென்சிலும் தாளும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். அங்கே அரசர் கதையைவிட ஊர்க்கதைதான் அதிகம். கோழிச்சண்டை நடக்கிறது, கொதிக்கிற பானைக்குள் பன்றியை இறக்குகிறார்கள், ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகிறது, சந்தையில் எடை போடுகிறார்கள், சம்பா படையோடு படகுச் சண்டை, கீழே விழுந்தவனை முதலை கவ்வுகிறது. எல்லாம் ஒன்பது வயதுப் பையனின் கண் மட்டத்தில். அதில் ஓர் இடத்தில் ஒருவன் ஆமையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான், அந்த ஆமை முன்னால் போகிறவனின் பின்பக்கத்தைக் கடிக்கிறது, கடிபட்டவன் திரும்பிப் பார்க்கிறான். எந்தச் சுவர் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு இரண்டாவது பயணத்தில்தான் கண்ணில் பட்டது. அவனுக்கு எத்தனை நிமிஷத்தில் கிடைத்தது என்று எழுதச் சொல்லுங்கள்.